நாலு மார்க் பித்தப்பை

பத்துக்கு நாலு என்று திரையில் விழுந்ததும், கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த டாக்டர் ஸ்ரீனிவாசராகவன் பின்னால் திரும்பிப் பார்த்தார். வேறு யாருக்காவது விழுந்த மார்க்காக இருக்கக்கூடாதா என்ற நப்பாசை. பின்னால் சுவர்தான் இருந்தது.

"ஏழாம் நம்பர் வீடியோ, ஆவரேஜ் நாலு," என்றார் டைரக்டர் மாளவிகா, பேங்க்கில் டோக்கன் கூப்பிடுகிற குரலில். "தேறலை. அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி போடுவோம். எங்க மார்க் குறைஞ்சுதுன்னு எல்லாரும் கவனிச்சுப் பாருங்க."

ஏழாம் நம்பர் யாருடைய கை என்பது, ஏற்பாட்டின்படி, அந்த ஹாலில் இருந்த பி.ஜி. பிள்ளைகளுக்குத் தெரியக்கூடாது. ஸ்ரீனிவாசராகவனுக்குத் தெரியும். வீடியோ அறையைப் பார்த்துக்கொள்ளும் ரெஹானுக்குத் தெரியும். ரெஹான் கதவோரம் நின்றுகொண்டு, சாவு வீட்டுக்கு வந்தவன் மாதிரி இவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அடையாறில் இருக்கும் அந்த மருத்துவமனைக்கு மாளவிகா டைரக்டராக வந்ததிலிருந்து வெள்ளிக்கிழமை காலை என்றால் வீடியோதான். சர்ஜரி படிக்கிற பிள்ளைகள் ஆபரேஷன் வீடியோவைப் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும் என்றார். நியாயமான யோசனை. வயிற்றில் சின்னத் துளை போட்டு, கேமராவை உள்ளே விட்டுச் செய்கிற ஆபரேஷன். கேமரா பார்ப்பதை அப்படியே பதிவு செய்துவிடலாம். நோயாளியிடம் சம்மதம் வாங்கி, அவர் பேரை எடுத்து, தியேட்டரில் பேசுகிற சத்தத்தை எடுத்து, டாக்டர் பேரையும் எடுத்துவிட்டு வெறும் நம்பரோடு ஓட்டுவார்கள். பிள்ளைகள் மொபைலில் மார்க் போடுவார்கள். ஐந்துக்குக் கீழே வாங்கினால் அடுத்த வாரமும் அதே வீடியோ ஓடி மானத்தை வாங்கும். தேறிவிட்டால் கௌரவமாக மாளவிகாவின் கம்ப்யூட்டருக்குள் போய்ப் பூட்டிக்கொள்ளும், கல்யாணம் முடிந்து பேங்க் லாக்கருக்குப் போகிற நகையைப் போல.

இதில் பிள்ளைகளுக்குச் சொல்லாத சங்கதி ஒன்று உண்டு. அறுபது தாண்டிய டாக்டர்களுக்கு மார்ச் மாதம் முடியும்போது சராசரி ஐந்துக்குக் கீழே இருந்தால், தியேட்டர் கிடையாது. கத்தியைக் கீழே வைத்துவிட்டு, வெளிநோயாளிப் பிரிவில் உட்கார்ந்து வாயுத் தொல்லைக்கு மாத்திரை எழுதிக்கொண்டிருக்கலாம். மாளவிகா இதைத் தன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னார்.

"பிள்ளைங்களுக்குத் தெரிஞ்சா பாவம் பார்த்து மார்க் போட்டுடுவாங்க சார். அதான் சொல்லலை."

"பாவமா? எனக்கா? நன்னா இருக்கே," என்று சிரித்தார் ஸ்ரீனிவாசராகவன். அந்த மருத்துவமனையில் அறுபது தாண்டியவர் அவர் ஒருவர்தான்.

படம் எடுப்பதற்கே அவர் ஆரம்பத்தில் சம்மதிக்கவில்லை. "என்னை நம்பிப் படுத்துக்கறவாளுக்கு நான் பதில் சொல்லிக்கறேன். வளைச்சு வளைச்சுப் படம் எடுக்க நான் என்ன கல்யாணப் பொண்ணா?" என்று கமிட்டியில் கேட்டவர். கமிட்டி உத்தரவு போட்டது. சரி, எடுத்துத் தொலையுங்கோ, எடுத்துப் பார்த்துவிட்டு அசந்துபோங்கோ என்று விட்டுவிட்டார். அசந்துபோவார்கள் என்பதில் அவருக்குத் துளிகூடச் சந்தேகம் இருக்கவில்லை. அதனால்தான் அந்த நாலு அவரை அப்படி அடித்தது.

வெளியே வரும்போது டாக்டர் ஜவஹர் கூட நடந்தார். நாற்பத்தைந்து வயது, பளபளவென்று ஷூ, எல்லா வாரமும் ஒன்பது.

"சீனியர், அந்த ஏழாம் நம்பர் பார்த்தீங்களா? யாருன்னு தெரியல. ரொம்ப ஸ்லோ. பாவமா இருந்துது."

"ஸ்லோன்னு ஏன் சொல்றேள்? நிதானம்னு சொல்லப்படாதா?"

"நிதானம்தான் சார். எனக்குத் தூக்கம் வந்துடுச்சு."

ஸ்ரீனிவாசராகவன் லிஃப்ட்டுக்குக் காத்திருக்காமல் படியில் இறங்கினார். ஜவஹரோடு ஒரே லிஃப்ட்டில் நிற்பதற்கு முழங்கால் வலி எவ்வளவோ தேவலை.

திரு.வி.க. பாலம் தாண்டி, மந்தைவெளியில் மெட்ரோ பள்ளத்தைச் சுற்றி, மயிலாப்பூர் வந்து சேர்ந்தார். வீட்டில் சாப்பிட உட்கார்ந்தார். மனைவி கோமளம் சாத்தமுதை ஊற்றிவிட்டு நின்றாள்.

"ஏன்னா, உப்பு சரியா இருக்கா?"

"நாலு."

"என்னது?"

"பத்துக்கு நாலு போட்டிருக்கா கோமளம். எனக்கு. நேத்திக்குப் பொறந்ததுகள்."

கோமளம் ஸ்கூலில் கணக்கு டீச்சராக இருந்து ரிட்டையர் ஆனவள். புருஷனுக்கு மார்க் குறைந்தது என்றதும் அவளுக்கு வருத்தம் வருவதற்கு முன்னால் பழக்கம் வந்துவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"இத்தனை வருஷம் மார்க் போட்டவ சொல்றேன், கேளுங்கோ. மார்க் குறைஞ்சா ரெண்டே காரணம்தான். ஒண்ணு, பையனுக்கு ஒண்ணும் தெரியலை. இல்லேன்னா, பையன் யாருன்னு டீச்சருக்குத் தெரியலை. இன்னார் ஆத்துப் பிள்ளைன்னு தெரிஞ்சா கை தன்னால ஒரு மார்க் கூடப் போடும்."

"இதுல நான் எது?"

"அதை நான் என் வாயால சொல்லணுமா?" என்று சொல்லிவிட்டு மோர் எடுக்கப் போனாள்.

இரண்டாவது காரணத்தை ஸ்ரீனிவாசராகவன் பிடித்துக்கொண்டார். அதானே. யாருடைய கை என்று தெரியாததால்தான் போட்டுவிட்டார்கள். தெரிந்தால் போடுவார்களா? அந்த ஆஸ்பத்திரியில் அவர் வாசலில் நுழைந்தாலே பிள்ளைகள் மொபைலை உள்ளே வைத்துவிட்டு எழுந்து நிற்கிறார்கள். ஆகவே தெரிவித்துவிட வேண்டியது. ஆனால் பேரும் இல்லை, சத்தமும் இல்லை, திரையில் தெரிவது வயிற்றுக்குள் நடமாடும் ரெண்டு கம்பி நுனிகள் மட்டும். அதில் எப்படித் தன் முகத்தைக் காட்டுவது?

திங்கட்கிழமை அவருக்கு வழி கிடைத்தது.

அன்று கேமராவைப் பிடித்துக்கொண்டிருந்தவள் ஷண்முகப்ரியா. முதல் வருஷம் படிக்கிற பெண். தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் வெள்ளைத்துரையின் மகள். ஆபரேஷன் நடக்கும்போது கேமராவை ஆடாமல் பிடிப்பது முதல் வருஷப் பிள்ளைகள் வேலை. கேமராவைப் பிடிக்கிறவர் காட்ட வேண்டிய இடத்தைத் தவிர வேறு எதையும் யோசிக்க ஸ்ரீனிவாசராகவன் விடமாட்டார்.

"இறக்கு. இன்னும் இறக்கு. நாம ஈரலைப் பார்க்க வரலை. அது பாட்டுக்கு இருக்கட்டும்."

பித்தப்பையின் கழுத்துக்கு வந்தார். அங்கேதான் அவர் நிதானிப்பார். பித்தப்பையிலிருந்து வரும் குழாய் ஒன்று, ரத்தக்குழாய் ஒன்று. இரண்டையும் முன்பக்கம் சுத்தம் செய்து, புரட்டிப் பின்பக்கமும் சுத்தம் செய்து, இரண்டுக்கும் நடுவே ஜன்னல் வழியாகப் பார்ப்பதுபோல ஈரல் தெரிகிறவரை கிளிப் போடமாட்டார். பக்கத்தில் ஓடும் பெரிய குழாயைத் தவறி வெட்டிவிட்டால் அந்த நோயாளிக்கு ஆயுசு முழுக்க அவஸ்தை. அவர் கையில் இதுவரை யாருக்கும் அந்த அவஸ்தை வந்ததில்லை.

"சார், இங்க ஏன் சார் திரும்பவும் பின்னாடி போனீங்க?" என்றாள் ஷண்முகப்ரியா.

"கேமராவைப் பிடி. கேள்வியைப் பிடிக்காதே."

அவள் வாயை மூடிக்கொண்டாள். முகமூடி போட்டிருந்ததால் அது யாருக்கும் தெரியவில்லை.

பித்தப்பையைப் பிரித்து எடுத்து முடித்ததும், ஸ்ரீனிவாசராகவன் இரண்டு கம்பி நுனிகளையும் கேமராவுக்கு நேரே கொண்டுவந்து, ஒன்றோடு ஒன்று சேர்த்து, லேசாகத் தாழ்த்தினார். கும்பிடு. எந்த நோயாளியையும் கும்பிடு போட்டு வழியனுப்புகிற டாக்டர் அந்த ஆஸ்பத்திரியில் அவர் ஒருவர்தான். இதைப் பார்த்துமா கண்டுபிடிக்க மாட்டார்கள்?

கண்டுபிடித்தார்கள். அந்த வெள்ளிக்கிழமை முதலில் நாலு மார்க் வீடியோ மறுபடி ஓடி மானத்தை வாங்கியது. அடுத்து புது வீடியோ. திரையில் கும்பிடு வந்ததும் பிள்ளைகள் வரிசையில் ஒரு சிரிப்பு முன்னாலிருந்து பின்னால்வரை போய்த் திரும்பியது. கடைசி வருஷம் படிக்கும் அனிருத் பக்கத்துப் பையனை முழங்கையால் இடித்தான். எல்லோரும் ஒரே சமயத்தில் மொபைலைக் குனிந்து பார்த்தார்கள்.

மூணு.

"தெரிஞ்சுண்டே போட்டிருக்கா," என்றார் அன்று கோமளத்திடம். "கும்பிடு போட்டவனைக் குப்புறத் தள்ளியிருக்கா."

"அப்போ ரெண்டாவது காரணம் இல்லை," என்றாள் கோமளம். முதல் காரணத்தைத் திரும்பச் சொல்லவில்லை. பெண்டாட்டி என்கிற தயவு.

அவர் மனசு உடைந்துபோனவராக இல்லை. கோபம்தான் வந்தது. ஆகட்டும், நிதானம் பிடிக்கவில்லையா, வேகமாகத் தருகிறேன் என்று ரெஹானின் வீடியோ அறைக்குப் போனார்.

ரெஹான் தாடி வைத்த முப்பத்தைந்து வயதுக்காரன். ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேருவதற்கு முன்னால் கல்யாண வீடியோ எடுத்தவன். ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னும் எடுப்பவன். டாக்டர் சொல்வதைக் கேட்டுவிட்டு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

"இன்னா சார் நீங்க. முகூர்த்தத்தயே முழுசா காட்டுனா பொண்ணோட அப்பன் எழுந்து சாப்புடப் பூடுவாரு. அப்புறம் இது வயிறு சார். யாரு குந்திக்கினு பாப்பா?"

"வெட்டப்படாது. ஒரு செகண்ட்கூட வெட்டப்படாது. அது ரூல்."

"வெட்ல சார். வேகமா ஓட்றோம். தேவையான எடத்துல மட்டும் லைட்டா டச்சப். என்கிட்ட வுடுங்க. எஃபெக்டு எல்லாம் கீது."

எஃபெக்ட் என்றால் என்ன என்று ஸ்ரீனிவாசராகவன் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அவருக்கு எஃபெக்ட் என்றால் மயக்க மருந்து வேலை செய்வது.

அடுத்த வெள்ளிக்கிழமை அவருடைய பித்தப்பை சரசரவென்று ஓடியது. பரவாயில்லையே என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். கழுத்துப் பகுதி வந்ததும் வீடியோ திடீரென்று ஸ்லோமோஷனுக்குப் போனது. சுற்றிலும் தங்கக் கலரில் ஒரு வட்டம் வந்தது. வட்டத்துக்குள் குழாயும் ரத்தக்குழாயும் மணமக்கள் மாதிரி ஜோடியாகப் பெரிதாகி வந்து நின்றன. அவர் முன்பக்கம் சுத்தம் செய்வதை ஸ்லோமோஷனில், பின்பக்கம் சுத்தம் செய்வதை அதைவிட ஸ்லோமோஷனில், நடுவே ஈரல் தெரிவதை இரண்டு தடவை காட்டினான் ரெஹான். கடைசியில் பித்தப்பை வெளியே வரும்போது திரை முழுக்க ரோஜா இதழ் கொட்டியது.

பிள்ளைகள் வரிசையில் ஒருத்தன் விசிலடித்தான்.

ரெண்டு.

"இது என்ன கூத்து?" என்றார் மாளவிகா. "ரெஹான், யார் பண்ணது இதை?"

"சிஸ்டம் அப்டேட் ஆச்சு மேடம். தன்னால வந்துகினு கீது. நானே பயந்துட்டேன்."

மாளவிகா அதை நம்பவில்லை. அன்று மாலை ஸ்ரீனிவாசராகவனைக் கூப்பிட்டு, குரலை இறக்கிப் பேசினார்.

"சார், நாலு, மூணு, ரெண்டு. எனக்கே கஷ்டமா இருக்கு. மார்ச் முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கு. நீங்களா ஓ.பி.க்கு மாறிக்கறேன்னு சொல்லிட்டா கௌரவமா இருக்கும். ஒரு சின்ன விழாகூட எடுக்கலாம்."

"சால்வை போத்துவேளா?"

"நிச்சயமா சார்."

"போர்த்திக்கற அளவுக்கு எனக்கு இன்னும் குளிரலை," என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

சொல்லும்போது வீரமாகத்தான் இருந்தது. காரில் உட்கார்ந்ததும் கையைப் பார்த்தார். விரல்களை நீட்டி, மடக்கி, மறுபடி நீட்டினார். நடுக்கம் இல்லை. ஒரு சொட்டு நடுக்கம் இல்லை. அப்படியானால் அந்தப் பிள்ளைகள் எதைப் பார்க்கிறார்கள்? இத்தனை நாள் தன்னிடம் இருந்து, தனக்குத் தெரியாமல் போய்விட்டது எது? நடுத்தெருவில் வைத்து யாரோ சட்டையைக் கழற்றிவிட்டது போல அவருக்கு அவமானமாக இருந்தது. இந்தக் கையால் இனி மாத்திரை எழுதுவதா? முடியாது. கெட்டதோ நல்லதோ, ஒரு கை பார்த்துவிட்டுத்தான் மறுவேலை.

அவர் வாழ்க்கையில் காப்பி அடித்ததில்லை. இப்போது அடித்தார்.

எந்த நம்பர் யாருடையது என்பது ரெஹானின் கம்ப்யூட்டரில் இருந்தது. மார்க் விழுந்த பிறகு அதை வைத்துத்தான் அவரவர் மார்க்கை அவரவருக்கு மாளவிகா அனுப்புவார்.

"ரெஹான், இந்த வாரம் என்னோடதை ஜவஹர் கணக்குல போடு. ஜவஹரோடதை என் கணக்குல போடு."

"சார், வேலைக்கி வேட்டு வெச்சுருவாங்க சார்."

"ரோஜாப்பூ கொட்டினது யாருன்னு நான் இன்னும் மேடத்துக்கு சொல்லலை."

ரெஹான் கொஞ்ச நேரம் தாடியைத் தடவினான். "நைனா, நீ டாக்டரே இல்ல, கேடி," என்று சொல்லிக்கொண்டே கீ போர்டில் கை வைத்தான்.

இந்தத் தடவை ஸ்ரீனிவாசராகவன் கும்பிடு போடவில்லை. எஃபெக்ட் இல்லை. வெறும் கை. யாருடையது என்று பிரம்மாவுக்கும் தெரியாது என்று அவரே நினைத்துக்கொண்டார். திரையில் முதலில் அவர் வீடியோ, பிறகு ஜவஹருடையது. பிள்ளைகள் மொபைலில் குனிந்தார்கள்.

அவர் கைக்கு ரெண்டு. ஜவஹர் கைக்கு ஒன்பது.

சாயங்காலம் மாளவிகாவிடமிருந்து அவருக்கு வாழ்த்து வந்தது: ஒன்பது மார்க், அற்புதமான முன்னேற்றம், இப்படியே இன்னொரு வாரம் வந்தால் சராசரி தேறிவிடும். கோமளம் பாயசம் வைத்தாள். அவரால் ஒரு வாய் முழுங்க முடியவில்லை. பேர் இல்லை, கும்பிடு இல்லை, ரோஜா இதழ் இல்லை, அப்போதும் ரெண்டு. ஆளைப் பிடிக்காமல் போட்ட மார்க் இல்லை என்று ஆகிவிட்டது. கைதான் போய்விட்டது. ஜெயித்த அன்றைக்குத்தான் அவர் தோற்றார். யாரிடம் சொல்லி அழுவது? திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான்.

அங்கே ஜவஹருக்கு வேறு தேள்.

"சீனியர், எனக்கு ரெண்டு," என்று மறுநாள் ஸ்ரீனிவாசராகவன் அறைக்குள்ளேயே வந்துவிட்டார். ஷூ பளபளக்கவில்லை. "நம்ப முடியல. எனக்கு. ரெண்டு. நைட்டு பூரா அந்த ஆபரேஷனையே நினைச்சுப் பார்த்தேன். எங்க விட்டேன்னு புரியல."

"பிள்ளைகள் போடறதுதானே, விட்டுத்தள்ளுங்கோ."

"விடறதா? மேடம்கிட்ட பேசிட்டேன். அடுத்த வெள்ளி அது மறுபடி ஓடும்போது நானே எழுந்து நின்னு எக்ஸ்ப்ளெயின் பண்ணப் போறேன். இது என் கைதான்னு ஓப்பனா சொல்லிடுவேன். ஒளிஞ்சுக்கற ஆள் இல்ல சார் நான்."

அது வேறு கை என்று அந்த மனுஷனுக்குத் தெரியவே இல்லை. தான் செய்த ஆபரேஷனையும் அடுத்தவர் செய்ததையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதவருக்கு வாராவாரம் ஒன்பது போடுகிறார்களே என்று ஸ்ரீனிவாசராகவனுக்கு ஆற்றாமையாக வந்தது. சொல்ல முடியுமா? "பண்ணுங்கோ, பண்ணுங்கோ," என்றார்.

மார்ச் மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை. ஹால் நிறைந்திருந்தது. ஜவஹர் முன்னால் போய் மைக்கை வாங்கிக்கொண்டார்.

"லுக், பிள்ளைங்களா. இந்த வீடியோ என்னுடையது. எல்லாருக்கும் ஒரு மோசமான நாள் உண்டு. அன்னைக்கு எனக்கு இது."

வீடியோ ஓடியது. ஸ்ரீனிவாசராகவனின் கம்பி நுனிகள் பித்தப்பையின் கழுத்துக்கு வந்து, நிதானித்து, சுத்தம் செய்ய ஆரம்பித்தன. ஹாலில் யாரும் செருமவில்லை.

"இங்க பாருங்க," என்றார் ஜவஹர். "எவ்வளவு தயக்கம். ஒரு கான்ஃபிடன்ஸ் இல்ல. முன்பக்கம் கிளீன் பண்ணியாச்சு, கிளிப் போட்டுட்டுப் போக வேண்டியதுதானே? மறுபடி பின்பக்கம் போறேன். ஏன் போறேன்? எனக்கே தெரியல. அன்னைக்கு லேசா காய்ச்சல் இருந்துது. கை வரலை. இப்படி ஒரு கையைக் காட்டினதுக்கு உங்ககிட்ட நான் மன்னிப்பு..."

"ஓய்," என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "மன்னிப்புக் கேக்காதேயும்."

ஸ்ரீனிவாசராகவன் எழுந்து நின்றிருந்தார். எப்போது எழுந்தார் என்று அவருக்கே தெரியாது.

"அந்தக் கைக்குக் காய்ச்சல் இல்லை. அதுக்குத் தயக்கமும் இல்லை. ஏன் பின்பக்கம் போறதுன்னு உமக்குத் தெரியாது, ஏன்னா அது உம்ம கை இல்லை. என் கை."

கதவோரம் ரெஹான் கண்ணை மூடிக்கொண்டான்.

"சார்," என்றார் மாளவிகா, "என்ன சொல்றீங்க?"

"நம்பரை மாத்தினேன். நான்தான் மாத்தச் சொன்னேன், மிரட்டி மாத்த வச்சேன். ரெஹானை ஒண்ணும் சொல்லப்படாது. போன வாரம் எனக்கு வந்த ஒன்பது ஜவஹரோடது, எடுத்துக்கச் சொல்லுங்கோ. இந்த ரெண்டு என்னோடது. என் ரெண்டுக்கு இன்னொருத்தர் மன்னிப்புக் கேக்கறதை நான் பார்த்துண்டு உட்கார்ந்திருக்க மாட்டேன்."

ஜவஹர் மைக்கைப் பிடித்தபடி திரையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். ஒன்பது தன்னுடையதுதான் என்பது மெல்ல உறைத்ததும் அவர் முகம் தெளிந்தது. டையைச் சரிசெய்துகொண்டார்.

மாளவிகா வருத்தமாகத்தான் பேசினார். "சார், நம்பர் மாத்தினதை நான் தனியா பேசிக்கறேன். ஆனா மார்க்... உங்களுக்கே தெரியும். ரூல் போட்டது கமிட்டி. திங்கட்கிழமையிலிருந்து தியேட்டர் லிஸ்ட்ல உங்க பேர் இருக்காது. ஓ.பி.ல பார்க்கலாம்."

பிள்ளைகள் வரிசையில் திடீரென்று ஒரு சலசலப்பு. "எதுக்கு மேடம்?" என்றான் அனிருத். "மார்க்குக்கும் தியேட்டருக்கும் என்ன சம்பந்தம்?"

"சம்பந்தம் உண்டுப்பா," என்றார் ஸ்ரீனிவாசராகவன். "அறுபது தாண்டினவனுக்கு நீங்கள்ளாம் போடற மார்க்குதான் தியேட்டர் சாவி. உங்ககிட்டச் சொல்லலை, அவ்வளவுதான். போட்டது போட்டாச்சு. நான் போறேன். ஆனா தலையைக் குனிஞ்சுண்டு போகமாட்டேன்."

வரிசைகளுக்கு நடுவே நடந்து, பிள்ளைகளுக்கு எதிரே வந்து நின்றார்.

"எனக்கு ரெண்டு போட்டவா யாரு? எழுந்திருங்கோ. பயப்பட வேண்டாம். இனிமே நான் யாரையும் தியேட்டர்ல திட்ட முடியாது."

முதலில் அனிருத் எழுந்தான். அடுத்தடுத்து எழுந்தார்கள். கடைசியில் ஷண்முகப்ரியா, பாதி எழுந்து, தயங்கி, முழுசாக எழுந்தாள். ஒரு நாற்காலியில்கூட ஆள் இல்லை. ஒருத்தராவது உட்கார்ந்திருப்பார்கள் என்று ஸ்ரீனிவாசராகவன் நினைத்திருந்தார்.

"நன்னா இருக்கு. எல்லாருமா," என்றார். குரலை இழுத்துப் பிடித்து நிமிர்ந்தார். "அப்போ சொல்லுங்கோ. இத்தனை பேருக்குத் தெரிஞ்ச தப்பு எனக்குத் தெரியலை. எந்த இடத்துல தப்பு? எந்தக் கிளிப்? முன்பக்கமா, பின்பக்கமா? அதைத் தெரிஞ்சுக்காம இந்த ஹாலை விட்டு நான் போறதா இல்லை."

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் முந்தி ஷண்முகப்ரியாதான் பேசினாள். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது.

"தப்பே இல்ல சார், நல்ல மார்க் போட்டா மேடம் அந்த வீடியோவப் பூட்டி வச்சிருவாங்க, ரெண்டு போட்டாத்தான அடுத்த வெள்ளிக்கிழமையும் உங்க கையப் பாக்க முடியும்."